கடலில் போடக்கூடியவை

கடலில் தவறி விழுந்த மாலுமி கதிரேசனைத் தேடுவதைக் கைவிட்டுக் கப்பல் மறுபடி தன் வழிக்குத் திரும்பியதும், சமையல்காரர் பிச்சமுத்து அடுப்படி முருகன் படத்திலிருந்து, இதுவரை வாடாத மல்லிகை மாலையைக் கழற்றிக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தார். அவனுக்காகக் கடலில் போட வேண்டுமாம். முதன்மை அதிகாரி மாசிலாமணி அதை வாங்கி ஒரு பூவை நசுக்கிப் பார்த்தார்.

"பிளாஸ்டிக்ண்ணே. கடல்ல போடக் கூடாது."

கப்பலின் குப்பைக்கு அவர்தான் பொறுப்பு. மாலையைப் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு மூடினார்.

"அப்ப எதைத்தான் சார் போடலாம்?"

"சாப்பாட்டுச் சாமான் போடலாம். கரை ரொம்பத் தூரம், சட்டத்துல அதுக்கு அனுமதி உண்டு."

பிச்சமுத்து உள்ளே போய் ஒரு பிடி பச்சரிசியோடு வந்தார். தளத்தின் ஓரக் கம்பியருகே கையை நீட்டியவர் அப்படியே நின்றார்.

"வாய்க்கரிசி சார். எந்தப் பக்கம் போடணும்?"

மாசிலாமணி, குப்பை கொட்டும்போது பார்க்கிற பழக்கதோஷத்தில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார்.