சரிவு

செங்கமலத்துக்கு இரண்டு வருடமாகச் சோம்பேறி என்றுதான் பெயர். தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மேடு ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். "மகாராணிக்கு நாற்காலி போடுங்கடி" என்பார் மேற்பார்வையாளர் ஆரோன். அவளோ தன் உடம்பைத் தானே திட்டிக்கொண்டு எழுந்து நடப்பாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மலம் சோதித்த அன்று டாக்டரம்மா அவளை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். மெல்லிய ஓட்டுக்குள் நான்கைந்து உருண்டைகள் தெரிந்தன.

"கொக்கிப்புழு முட்டைம்மா. புழு உங்க குடலைக் கடிச்சுப் பிடிச்சுக்கிட்டு ரத்தம் குடிக்குது."

"என்னைக் கொன்னுருமா?"

"லேசுல கொல்லாது. நீங்க இருந்தாத்தானே அதுக்குச் சாப்பாடு? வெளிக்குப் போற மண்ணுல அதோட குஞ்சு கிடக்கும். வெறுங்கால்ல மிதிச்சா தோலைத் துளைச்சு ஏறிடும்."

செங்கமலத்துக்கு ஆத்திரத்தில் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குக் கக்கூஸ் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் வாய் ஓய்ந்துவிட்டது. பெண்கள் அத்தனை பேரும் விடியுமுன் தேயிலைச் சரிவுக்குத்தான் போகிறார்கள். விடிந்தபின் அதே சரிவில்தான் வெறுங்காலோடு கொழுந்து பறிக்கிறார்கள்.

மறுநாள் காலை பெண்கள் எல்லோரும் சரிவின் அடியில் கூடியிருந்தபோது ஆரோன், "மாத்திரை போட்டாச்சுல்ல? இனியாவது ஒழுங்கா வேலை செய்" என்றார்.

"போட்டாச்சு. உள்ள இருக்கிறது செத்துரும். இந்த மண்ண மிதிச்சா திரும்ப ஏறும். நான் எத்தனை மாத்திரைதான் முழுங்குறது? கக்கூஸ் கட்டுங்க, காலுக்குப் பூட்ஸ் குடுங்க. அதுவரைக்கும் இந்தச் சரிவுல கால் வைக்க மாட்டேன்."

"நீ வராட்டி போ. மத்தவங்க ஏறுங்க!" என்று ஆரோன் கத்தினார்.

ஒருத்தியும் அசையவில்லை. எல்லோரும் குனிந்து தங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.