ஐந்து அங்குலம்

ஹோரஸ் டில்டன் அந்த மாநிலத்துக்கு ஏழு நீதிமன்றங்களும் இரண்டு சிறைகளும் கட்டிக்கொடுத்தவர். ஆனால் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடியது, மனநோயாளிகளுக்காக அவர் கட்டிய மருத்துவமனையின் சன்னல்களுக்காகத்தான். அவற்றில் கம்பி கிடையாது. கண்ணாடிகளுக்கு நடுவே ஓடும் சட்டங்களையே இரும்பில் வார்த்து, மரம்போலத் தெரிய வெள்ளை வர்ணம் பூசவைத்திருந்தார். மேலே தூக்கித் திறக்கும் அந்தச் சன்னல்கள் ஐந்து அங்குலத்தில் நின்றுவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு அடைத்துவைத்த நினைப்பே வரக் கூடாது என்பார்.

மகள் இறந்த மறுவருடம் அவர் மனைவி லவீனியாவை அங்கேதான் சேர்க்க வேண்டிவந்தது.

முதல் ஞாயிறு குதிரைவண்டியில் போய் இறங்கினார். அவள் சன்னலோரம் நின்றிருந்தாள்.

"வந்துட்டீங்களா. மழையில மரம் ஊறி உப்பிடுச்சுபோல, இதுக்கு மேல ஏறமாட்டேங்குது. இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியல. எங்க வீட்டுக்காரர் வந்தா திறந்துடுவார்னு சொல்லிவச்சிருக்கேன்."

அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். சட்டைக்கையை மடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினார். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை தூக்கிக்கொண்டே இருந்தார்.

லவீனியா தன் கைக்குட்டையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"விடுங்க, மரந்தானே. வெயில் வந்தா சரியாயிடும்."