ரயில் சத்தம் கேட்காத வீடு

"ரயில் சத்தமா? இங்கேயா? காதைத் தீட்டிக்கிட்டு நின்னாலும் கேட்காது சார்!"

சொல்லிக்கொண்டே வீட்டுத் தரகர் கைக்கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். மணி பத்து பதினான்கு. அடுத்த வண்டி வர இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. அதற்குள் இவர்களை வெளியே கிளப்பிக்கொண்டு போய்விட வேண்டும்.

பின்பக்க ஜன்னலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இருபதடிகூட இருக்காது. வண்டி வந்தால் வீடே கிடுகிடுக்கும். அதனால்தான் இரண்டு வண்டிகளுக்கு இடைப்பட்ட நேரமாகப் பார்த்தே ஆட்களை அழைத்து வருவார். அப்படியும் வீடு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது.

வந்திருந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கூட அவர் மனைவி, முழங்கால் வலிக்காரர். 'ரயில் வசதி இருக்கணும்' என்ற ஒரே நிபந்தனையோடு வந்த இவர்களுக்கு, நகரத்துக்குப் போகும் இதே பாதையில் நான்கு புறநகர்களைக் காட்டியாயிற்று. ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருந்த வீட்டைக்கூட வேண்டாம் என்று சொன்ன புண்ணியவான்கள்!

"இதுதான் கடைசி. இதுவும் சரிப்படலேன்னா பேசாம ஊருக்கே திரும்பிடுவோம்" என்று காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார் தலைமையாசிரியர். அதைக் கேட்டதிலிருந்து அந்த அம்மாளின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஸ்டேஷன் ஏழு நிமிஷ நடைம்மா. ஏறி உட்கார்ந்தா நாற்பதே நிமிஷத்துல சிட்டி."

"எங்களுக்கு சிட்டியில ஒரு வேலையும் இல்லப்பா" என்றார் அந்த அம்மாள்.

அப்புறம் எதற்கு ரயில் வசதி என்று கேட்க வாயெடுத்த தரகர், காரியம் கூடிவரும் நேரத்தில் வாயைக் கொடுப்பானேன் என்று பேச்சை மாற்றினார்.

"பிள்ளைங்க எங்க இருக்காங்க?"

"ஒரு பொண்ணு..."

"எங்களுக்கு யாரும் இல்ல" என்று வெட்டினார் தலைமையாசிரியர்.

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடிக்க வெகு நேரமாயிற்று. தரகருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அவருக்கும் ஒரு மகள் உண்டு.

மணி பத்து இருபத்தைந்து. "கிளம்பலாமா சார்? வெயில் ஏறிடும்."

தலைமையாசிரியர் அசைகிற வழியாக இல்லை. குழாயைத் திறந்தார், மூடினார். சமையலறை அலமாரியை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சாண் போட்டு அளந்தார். பிறகு பின்பக்க ஜன்னலைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தார்.

"இந்த வளைவுல வண்டி மெதுவாத்தானே போகும்?"

தரகருக்கு வியர்த்தது. "வண்டியே அதிகம் கிடையாது சார். ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு வந்தாலே பெரிசு!"

நல்ல சேதி சொன்னதாகத்தான் அவர் நினைத்தார். ஆனால் ஜன்னலோரம் வந்து நின்றிருந்த அந்த அம்மாள் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அப்ப வேண்டாங்க, போயிடலாம்" என்றார்.

"இரு" என்றார் தலைமையாசிரியர். "பத்து முப்பத்திரண்டுக்கு ஒண்ணு உண்டு."

கையும் களவுமாகப் பிடிபட்ட தரகர் அதைச் சமாளிப்பதற்குள் தண்டவாளம் முனக ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் கண்ணாடிகள் சடசடத்தன. வளைவில் வேகம் குறைந்து வண்டி மெல்லத் திரும்பியது.

அந்த அம்மாள் இரண்டு கைகளாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தலைமையாசிரியரோ சட்டென்று சுவரோரம் ஒதுங்கி, பாதி முகத்தை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிப் பெட்டி போய் மறைந்த பிறகும் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

போச்சு, இந்த வீடும் போச்சு என்று தீர்மானித்துவிட்டார் தரகர். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. "ஜன்னலுக்கு ரப்பர் வெச்சுத் தரச் சொல்றேன் சார். சத்தம் போகப் போகப் பழகிடும்..."

அவர் பேசியது யார் காதிலும் விழவில்லை.

"எனக்குக் கண்ணை மறைச்சிடுச்சுங்க" என்று தேம்பினார் அந்த அம்மாள். "ஆறு வருஷம் காத்திருந்தும் சரியாப் பார்க்க முடியல. நீங்களாவது பார்த்தீங்களா?"

தலைமையாசிரியர் சாவிக்காகத் தரகரிடம் கையை நீட்டினார்.

"பார்த்தேன். இளைச்சுப் போயிருக்கா. ஆனா வண்டியை நல்லா ஓட்டுறா, நம்ம பொண்ணு."