சிவப்பு வளையம்

சாக வேண்டிய வாத்துகள் சாகவில்லை.

சாகாததோடு நிற்காமல், கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தீவனத் தொட்டியைச் சுற்றிச் சண்டை வேறு போட்டுக்கொண்டிருந்தன. டாக்டரம்மா முகக்கவசத்துக்குள் பல்லைக் கடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். உயிரோடு இருக்கும் எதன்மீதும் அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

விஷயம் எளியது. நீல வளையம் மாட்டிய வாத்துகளுக்கு அவள் கண்டுபிடித்த தடுப்பூசி. சிவப்பு வளையத்துக்கு வெறும் உப்புத் தண்ணீர். பிறகு இரண்டு கூட்டத்துக்கும் கொள்ளை நோய் வைரஸை ஒரே அளவில் ஏற்ற வேண்டும். சிவப்பு செத்தால்தான் நீலம் பிழைத்ததற்கு மதிப்பு. இரண்டும் பிழைத்தால், ஏற்றிய வைரஸ் சொத்தை, தடுப்பூசியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று கையைக் கழுவிவிடுவார்கள்.

காலையில் கழுவிவிட்டார்கள். சோதனை செல்லாது, கொட்டகையைக் காலி செய்யுங்கள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஆராய்ச்சி நிலைய இயக்குநர் போனில் சொன்னார். வெளியே நோய் குளம் குளமாகத் தாவிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் ஊசி போட வாத்து மிச்சமிருக்குமா என்று அவள் கேட்டாள். அதற்குள் அவர் போனை வைத்திருந்தார்.

நோய் ஏற்றிய பறவை எதுவும் கொட்டகையைவிட்டு உயிரோடு போகக் கூடாது. கொல்வது அவள் வேலையில்லை, அதற்கு ஆட்கள் இருந்தார்கள். இன்று அவளே கையுறையை மாட்டிக்கொண்டாள்.

துணைக்குத் தம்பி. கூடப் பிறந்தவன். எந்த வேலையிலும் ஒட்டாமல் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தவனை, யார் யார் காலையோ பிடித்து இந்தக் கொட்டகையில் சேர்த்துவிட்டிருந்தாள். உள்ளே தன்னை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும், வாத்துகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று சொல்லித்தான் சேர்த்தாள். மேடத்தை அவன் ஒழுங்காகச் சொன்னான். மற்றதைக் காற்றில் பறக்கவிட்டான்.

முதலில் நீலக் கூட்டத்தை முடித்தார்கள். அவன் பிடித்துக் கொடுத்தான். அவள் ஒரு கையால் கால்களையும் மறு கையால் தலையையும் பற்றி, தலையைப் பின்னால் மடக்கி இழுத்தாள். எலும்பு விலகுவது காதுக்கு முன்னால் கைக்குத் தெரிந்தது. செத்த பிறகும் இறக்கைகள் அடித்துக்கொண்டன. முதல் சில வாத்துகளின்போது கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மூடவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சிவப்பு வளையத்துக்கு வந்தபோது அந்தப் பயமும் போய்விட்டது. இழுத்த வேகத்தில் ஒன்றின் தலை கையோடு வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியில் ரத்தம் தெறித்தது. துடைத்துக்கொள்ளாமல் அடுத்ததற்குக் கையை நீட்டினாள். சாகக்கூடத் துப்பில்லாத ஜென்மங்கள் என்று வாய்விட்டுத் திட்டினாள்.

தம்பி பிடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. அலகு கோணிய வாத்து. மற்ற வாத்துகளை எந்நேரமும் அதட்டிக்கொண்டே திரியும் என்பதால் அவன் அதற்குப் பெரியம்மா என்று பெயர் வைத்திருந்தான். பிடித்தவன் அதைக் கொடுக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான்.

கொடு என்றாள். மாட்டேன் என்று தலையாட்டினான்.

அவள் பாய்ந்தாள். ஈர வைக்கோலில் வழுக்கி இரண்டு பேரும் செத்த வாத்துகளின்மேல் விழுந்தார்கள். அவள் முழங்காலை அவன் வயிற்றில் ஊன்றினாள். அவன் அவளுடைய முகக்கவசத்தைப் பிய்த்தெறிந்தான். நடுவில் மாட்டிக்கொண்ட பெரியம்மா இருவரையும் சேர்த்து அதட்டியது. அதன் கழுத்து அவள் கைக்குக் கிடைத்தது. சத்தம் பாதியில் நின்றது.

மல்லாந்து கிடந்தபடியே அவன் சொன்னான். வைரஸ் சொத்தையில்லையாம். நீலக் கூட்டத்துக்கு ஊசி போட்டுவிட்டு, குப்பியில் மிஞ்சிய மருந்தைக் கொதிநீரில் கொட்டி அழிக்கச் சொல்லி அவனிடம் கொடுத்திருந்தாளாம். அவன் அழிக்கவில்லையாம்.

“சிவப்புக்கும் போட்டேன் மேடம். அவ்வளவு நல்ல மருந்தக் கொண்டுபோய்ச் சுடுதண்ணில கொட்டச் சொன்னா எப்படிக் கொட்டுவேன்?”

புரிவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வைரஸ் கொல்லத்தான் வந்திருக்கிறது. மருந்து விடவில்லை. எத்தனையோ வருடங்களாக அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்த பதில், காலையில் அவள் கண்ணெதிரே தீவனத் தொட்டியைச் சுற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

கையிலிருந்த வாத்தாலேயே அவனை அடித்தாள். வாத்து மடையா, வாத்து மடையா என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். அவன் தடுக்கவில்லை. மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. கை ஓய்ந்ததும் அவன் பக்கத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். அவனைக் கொன்றுவிடலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

அவன் எழுந்து உட்கார்ந்து, மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டான். மேடம் மறந்துபோயிருந்தது.

“அப்போ மருந்து வேலை செஞ்சிடுச்சு இல்லக்கா?”

அவள் சுற்றிலும் பார்த்தாள். கொட்டகை நிறைய வாத்துகள் செத்துக் கிடந்தன. நோயில் செத்தது ஒன்றுகூட இல்லை.