கை தெரியணும்

"பிள்ளைங்களோட ரெண்டு கையும் திரையில தெரியணும் தம்பி. முகம் மட்டும் தெரிஞ்சாப் போதாது."

விற்பனைக்காரன் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டான். ஆன்லைன் வகுப்புக்கான மென்பொருளை மூன்று மாதமாக விற்கிறான். விற்கிறான் என்பது ஒரு பேச்சுக்குத்தான், இதுவரை ஒரு பள்ளிக்கூடம்கூட வாங்கவில்லை. குரல் தெளிவாக வருமா என்று கேட்பார்கள், விலையைக் குறைப்பீர்களா என்று கேட்பார்கள். கையைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் இந்த டீச்சர்தான்.

"கை எதுக்கு மேடம்?"

"கை தெரியலைன்னா நான் எப்படி வகுப்பு எடுக்கறது? எல்லாம் விவரமா எழுதி அனுப்பியிருந்தேனே, படிச்சீங்கல்ல?"

"படிச்சேன் மேடம்."

படிக்கவில்லை. லீவில் போன சக ஊழியன் ஒப்படைத்த வாடிக்கையாளர் இவர். கூடவே அவர் எழுதிய கடிதத்தையும் அனுப்பியிருந்தான். அதைத் திறந்து பார்க்க இவனுக்குப் பொறுமை இல்லை. எதையும் படிக்காமல் பேச்சிலேயே சமாளித்துவிடலாம் என்பது இவன் கட்சி.

திரையில் டீச்சர் சாதுவாகத்தான் தெரிந்தார். இறுக்கிப் பின்னிய தலை, பூவேலை எதுவும் இல்லாத கருநீலச் சட்டை, பின்னால் வெறும் சுவர். ஆனால் பேச ஆரம்பித்ததுமே இவனுக்கு உத்தரவு போட்டுவிட்டார். "ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதீங்க, முகம் இருட்டா இருக்கு." அப்போதே அவருக்கு ஜெயிலரம்மா என்று மனதுக்குள் பெயர் வைத்தாயிற்று.

மேனேஜர் பின்னால் வந்து நின்றார். மைக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினான்.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இதை முடிச்சிடு. இல்லேன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

மேஜைக்கு அடியில் கால் தானாக ஆட ஆரம்பித்தது. சுவர்க் கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது.

"இதைப் பாருங்க மேடம், யார் பேசறாங்களோ அவங்க படம் தானாப் பெருசாயிடும். மத்தவங்க ஓரமாப் போயிடுவாங்க."

"அது வேண்டவே வேண்டாம். என் வகுப்புல யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

"யாருமேவா?"

"யாருமே. எல்லாரும் ஒரே அளவுல, எப்பவும் என் கண்ணு முன்னாடி இருக்கணும். நெட் மெதுவாச்சுன்னா என்ன ஆகும்?"

இது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "கவலையே படாதீங்க. படம் நின்னாலும் குரல் நிக்காது. அதுதான் எங்க ஸ்பெஷல்."

"எனக்குத் தலைகீழா வேணும். குரல் போனாப் போகட்டும், படம் நிக்கக் கூடாது. உங்களுக்கு முன்னாடி வந்த ரெண்டு கம்பெனியும் இங்கதான் கோட்டை விட்டாங்க."

அவனுக்கு ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்தது. மேஜைமேல் கையை வை, வாயை மூடு, ஆடாதே, அசையாதே. அந்த ஒரு வருஷத்துக்குப் பிறகு அவனால் எந்த நாற்காலியிலும் பத்து நிமிஷம் நிம்மதியாக உட்கார முடிந்ததில்லை.

அவர் கேட்டது மென்பொருளில் இல்லாமல் இல்லை. தேர்வு மேற்பார்வைக்கென்று தனியாக ஒரு ஏற்பாடு இருந்தது. அதைப் போட்டால் எல்லாருடைய திரையிலும் எல்லாப் படங்களும் ஒரே அளவில் நிற்கும். பிள்ளைகள் கேமராவை அணைக்க முடியாது. அவர்கள் மைக்கெல்லாம் மூடிக்கொள்ளும், டீச்சர் குரல் மட்டும் கேட்கும். நெட்டின் பலம் முழுக்கப் படத்துக்கே போகும். மணிக்கணக்கில் அதில் உட்காரவைத்தால் குழந்தைகள் என்னத்துக்கு ஆவார்கள் என்று இதுவரை அவன் யாருக்கும் அதைக் காட்டியதில்லை.

போன் மினுங்கியது. மனைவி. 'என்னாச்சு? வேலை நிக்குமா?'

பேனாவைச் சுழற்றினான், கீழே போட்டான், மறுபடி எடுத்தான். நெஞ்சு குறுகுறுத்தது. வேலை போய்விட்டால் குறுகுறுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"ஒண்ணு இருக்கு மேடம்," என்றான் சுரத்தில்லாமல்.

அவன் விளக்கி முடிப்பதற்குள் டீச்சர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

"இதைத்தான் தம்பி இத்தனை நாளா தேடிட்டிருந்தேன். பிள்ளைங்க தயாரா இருக்காங்க, இப்பவே போடுங்க. சரியா வந்தா இன்னிக்கே கையெழுத்து."

போட்டான். திரையில் பன்னிரண்டு கட்டங்கள் வந்து நின்றன. பன்னிரண்டு குழந்தைகள், மேஜைமேல் இருபத்துநான்கு கைகள். ஒரு அசைவு இல்லை, கண்கள் மட்டும் அகல விரிந்திருந்தன. என் வேலைக்காக இதுகளைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டேனே என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. நிறுத்தும் பட்டனுக்கு விரல் போனது.

"தொடங்கலாமா?" என்று டீச்சர் தம் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

அவ்வளவுதான். பன்னிரண்டு கட்டங்களிலும் கைகள் கிளம்பிவிட்டன. விரல்கள் விரிந்தன, மடங்கின, சுழன்றன. மூலைக் கட்டத்துச் சிறுமி கன்னத்தில் இரண்டு விரலை வைத்து என்னவோ செய்ய, எதிர் மூலைக் கட்டத்துப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். விற்பனைக்காரனின் விரல் பட்டன்மேல் அப்படியே நின்றது.

"காது கேக்காத பிள்ளைங்க, பள்ளிக்கூடம் மூடின நாலு மாசமா ஒருத்தர் கையை ஒருத்தர் பார்க்கவே இல்லை," என்ற டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாடம் நடத்த விடுதுங்களா பாருங்க தம்பி, ஒரே அரட்டை."