குறுக்குப் பேச்சு

"அப்பா, குறுக்கப் பேசிட்டீங்க. ஒண்ணு!" என்று மகள் ஒரு விரலை மடக்கினாள்.

வாய்வரை வந்த கவளம் அப்படியே நின்றது. சாப்பாட்டு மேசையில், தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த போனை அப்பா ஓரக்கண்ணால் பார்த்தார்.

"மன்னிச்சுக்கம்மா. நீ சொல்லிட்டிருந்ததைச் சொல்லு" என்றார், மனைவியிடம். ஆனால் போனைப் பார்த்துத்தான் சொன்னார்.

மகள் மேல்நிலைப் பள்ளியில் இங்கிலீஷைச் சிறப்புப் பாடமாக எடுத்திருந்தாள். கதை, கவிதையெல்லாம் இல்லை. மனுஷர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் பாடமே. வீட்டுப் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். யார் அதிக நேரம் பேசுகிறார், யார் யாரைப் பேசவிடாமல் வெட்டுகிறார் என்று அலசி, இங்கிலீஷில் கட்டுரை எழுத வேண்டும். பேச்சு எந்த மொழியில் இருந்தாலும் சரி, பதிவை டீச்சரும் போட்டுக் கேட்பார்.

டீச்சர் கேட்பார் என்றதும் அப்பா பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டார்.

அவர் அச்சகத்தில் மேற்பார்வையாளர். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, வீட்டிலும் அதே குரல்தான். "நான் என்ன சொல்றேன்னா" என்று அம்மா ஆரம்பித்தால், "நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று அவரே முடித்து வைத்துவிடுவார்.

அம்மாவுக்கோ இப்போது சொல்லியே ஆகவேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. கடைத்தெருவில் புதிதாகத் திறந்த மருந்துக்கடையில் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த அதே வேலை. நாளைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். எத்தனையோ முறை வாயெடுத்துப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் பேச்சு எப்படியோ குழம்பில் உப்பில்லை என்பதில் போய் நின்றது.

அன்று காலையில்தான் அடுப்படியில் மகள் கிசுகிசுத்திருந்தாள். "அம்மா, கட்டுரையைக் குடுத்து மார்க்கும் வந்தாச்சு. இன்னும் எதுக்கும்மா போனை வைக்கச் சொல்றே?"

"இன்னிக்கு ஒருநாள் வை. அப்பா நல்ல மனுஷனா இருக்கட்டும்."

"அவரை ஏமாத்தற மாதிரி இருக்காதா?"

"பதிவாகுதுன்னு நாம எங்கடி சொன்னோம்? போனை வைக்கிறோம். பயப்படறது அவர் இஷ்டம்."

இதோ, வைத்தாயிற்று. அவரும் பயந்தாயிற்று. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, வேலை நேரம், சம்பளம், ராத்திரிச் சமையலை யார் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கிற சுகமே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அப்பா கடைசிவரை கேட்டார். நடுவில் ஒரு "ம்" மட்டும் போட்டார்.

"தாராளமாப் போ. உனக்கு இல்லாத கெட்டிக்காரத்தனமா? ராத்திரி சமையலை நான் பார்த்துக்கறேன்."

அம்மாவுக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. இந்த மனுஷனைப் போய் ஏமாற்றுகிறோமே என்று மனசு உறுத்தவும் செய்தது. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

"எனக்கும் ஒரு சின்ன ஆசைம்மா" என்றார் அவர், அதே தேன் குரலில். "கல்யாணமான புதுசுல என் டிரம்பெட்டைப் பரண்ல தூக்கிப் போட்டே பாரு, அதை இறக்கலாம்னு இருக்கேன். தினம் விடிகாலைல ஒரு மணி நேரம் ஊதிப் பழகினா போதும்."

"விடிகாலையிலயா? அந்தக் கண்றாவியை..."

"குறுக்கப் பேசிட்டே. ஒண்ணு" என்று அப்பா சாந்தமாக ஒரு விரலை மடக்கினார்.

மகள் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்து, புரையேறி இருமினாள்.

அம்மாவின் நாக்கு நுனியில் இத்தனை வருஷத்து வசவும் வரிசை கட்டி நின்றது. ஆனால் ஒன்றைக்கூட வெளியே விட வழியில்லை. பதிவு செய்யும் போனுக்கு முன்னால் பொண்டாட்டி கத்தமாட்டாள். கத்தினால், பதிவாகவில்லை என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வேலைக்குக் கிடைத்த சம்மதமும் கையை விட்டுப் போகும்.

"ஊதுங்க" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பால்கனியிலயா, கூடத்துலயா?"

"உங்க இஷ்டம்ங்க. எங்க வேணா ஊதுங்க."

"ரொம்ப சந்தோஷம்மா."

அப்பா திருப்தியாகக் கை கழுவிவிட்டு வந்தார். துண்டில் துடைத்துக்கொண்டே போனை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"முந்தாநாள் பஸ்ல உங்க இங்கிலீஷ் டீச்சர் எனக்குப் பக்கத்து சீட்டுலதான் உக்காந்து வந்தாங்க. அந்தக் கட்டுரைக்குக் கிளாஸ்லயே உனக்குத்தான் அதிக மார்க்காமே, சொல்லவே இல்லையே கண்ணு?"