பிடிபட்டது ஆறு தரம்

"உந்தக் குத்துவிளக்கையும் உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குள்ள வையும். கெதியா," என்றார் மகேந்திரராஜா.

அவர் மனைவி சுலோஜனா வெள்ளி விளக்கைத் துவாயில் சுற்றி உள்ளே தள்ளினாள். அவளுடைய காப்பும் கைப்பையும் ஏற்கெனவே அங்கேதான் கிடந்தன.

"தொண்ணூறு தாண்டின மனுசனப்பா. இனி அவருக்கு ஏலுமோ?"

"பழகின கை சும்மா இராது."

வரப்போகிறவர் மகள் நிலக்சி கட்டவிருக்கும் யோனாஸின் தாத்தா. அமெரிக்கர். ஜேர்மன் பெண்ணைக் கட்டிக்கொண்டு கொலோனிலேயே தங்கிவிட்டவர். கல்யாண நாள் குறிக்கத்தான் இன்றைய சாப்பாடு.

போன கிழமை யோனாஸ் இதே மேசையில் தாத்தாவின் பெருமையை ஜேர்மனில் அளந்தபோது நிலக்சி குசினியில் நின்றாள். கேட்டது மகேந்திரராஜா மட்டும். முழுக் கதையையும் இப்போதுதான் சுலோஜனாவுக்குச் சொன்னார்.

"ஒரே வருசத்தில நாப்பது பேர்ஸ் களவெடுத்தவராம். பிடிபட்டது ஆறு தரம்தானாம்."

"கடவுளே. தனியாவோ?"

"ஒன்பது பேர் கூட்டம். பிறகு அவங்கள் இவரை வேற ஊர்க் கூட்டத்துக்கு வித்துப்போட்டாங்களாம். அங்கயும் இதே தொழில். சனம் வேற கைதட்டினதாம்."

"கள்ளனுக்கோ?"

"இண்டைக்கு முகத்துக்கு நேர கேப்பன். ஓமெண்டு சொன்னாரோ, கல்யாணம் இல்லை."

"பிள்ளை அழுவாளப்பா."

"குடுத்துப்போட்டு நாங்கள் அழுறதிலும் பாக்க அது பரவாயில்லை."

மணி அடித்தது.

யோனாஸோடு பொல்லை ஊன்றி வந்த கிழவர் புட்டையும் கோழிக்கறியையும் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகேந்திரராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு, தொழிற்சாலையில் பழகிய ஜேர்மனில் நேரே கேட்டார்.

"இளமையில் நீங்கள் களவெடுத்தது உண்மையா?"

கிழவரின் முகம் மலர்ந்தது. "யோனாஸ் சொன்னானா? ஒன்பது வருடம். முழங்கால் போனபிறகுதான் விட்டேன்."

"வெட்கமாக இல்லையா?"

"வெட்கமா? அதற்குத்தானே எனக்குச் சம்பளம் தந்தார்கள்."

மகேந்திரராஜா எழுந்து மகளிடம் திரும்பினார். "கேட்டனியே? இந்தக் கல்யாணம் நடக்காது. ஒருத்தன்ர பேர்ஸிலயும் கைவைக்காத குடும்பம் எங்கட குடும்பம்."

நிலக்சி ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்றுதான் சுலோஜனா நினைத்தாள்.

"பேர்ஸ் இல்லையப்பா, பேஸ்," என்றாள் நிலக்சி, சிரிப்பில் மூச்சு முட்ட. "பேஸ்போல் விளையாட்டு. பேஸ் எண்டால் ஓடுறவன் போய் நிக்கிற இடம். பந்து எறியிறவன் அசந்த நேரம் பாத்து அடுத்த பேஸுக்கு ஓடிப்போனால், அதைத்தான் களவு எண்டுறது."

மகேந்திரராஜா மெதுவாக உட்கார்ந்தார். கோழிக்கறிச் சட்டியைக் கிழவர் பக்கம் நகர்த்தினார். பிறகு மகளிடம் குனிந்து கேட்டார்.

"விளையாட்டு சரி பிள்ளை. உத்தியோகம் என்ன பாத்தவர்?"